வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட பிள்ளைக்கு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எந்தக் கதவு திறக்கும்?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் டியூஷன் வகுப்பு நடத்தும் ஆசிரியை. என்னிடம் படித்த தம்பி ஒருவனுக்கு இப்போது 19 வயது. அவன் ஆண்களை விரும்புகிறவன் என்பது போனைப் பார்த்து வீட்டாருக்குத் தெரிந்துவிட்டது. அடித்துத் துரத்திவிட்டார்கள். கல்லடியில் கூட்டாளி ஒருவனின் அறையில் ஒதுங்கியிருக்கிறான். அறைக்காரர் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். இன்னொருத்தி அம்பாறைக் கரையோரத்தைச் சேர்ந்த மாணவி, வயது 17. ஒரு பெண்ணை விரும்புகிறாள் என்று தெரிந்ததும் அவசரமாகக் கலியாணம் பேசுகிறார்கள். "மிஸ், உங்கட வீட்ட வரட்டா?" என்று கேட்கிறாள். இப்படியான பிள்ளைகள் தங்க நம் மாவட்டங்களில் இல்லம் ஏதும் உண்டா? இல்லையென்றால் நாங்கள் சிலர் சேர்ந்து ஒன்றைத் தொடங்கலாமா?

பதில்:

தங்கச்சி, கேட்டதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளுக்கும் திருநங்கை, திருநம்பிப் பிள்ளைகளுக்கும் என்றே அரசு நடத்தும் தங்குமிடம் மட்டக்களப்பிலும் இல்லை, அம்பாறையிலும் இல்லை, இலங்கையில் எங்குமே இல்லை. பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் இருக்கின்றன. சிறுவர் இல்லங்கள் இருக்கின்றன. முதியோர் இல்லங்கள் இருக்கின்றன. உங்கள் 19 வயதுத் தம்பி இந்த மூன்றிலும் சேரமாட்டான். அதற்காக அவனுக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களோடு பல வருடம் வேலை செய்தவள் என்ற முறையில் என் எண்ணம் இது: அவனுக்கு இப்போது அவசரமாக வேண்டியவை நம்பக்கூடிய ஒரு வீட்டில் ஓர் அறை, தன் கையில் தன் பத்திரங்கள், வாடகை கட்ட ஒரு வேலை. பெயர்ப்பலகை போட்ட கட்டடம் அதற்குப் பிறகுதான். இல்லம் தொடங்கலாமா என்ற உங்கள் கேள்விக்கும் என் பதில் இதை ஒட்டியே வரும்.

நம் பக்கத்தில் இது ஏன் இவ்வளவு இறுகிப்போய் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையானாலும் மேற்கே படுவான்கரையானாலும், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வீடு பெண்பிள்ளைக்கு என்பதுதான் இங்குள்ள வழக்கம். மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போதே வளவும் வீடும் பேச்சில் வந்துவிடும். மாப்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். தாய் தகப்பன் கொஞ்சக் காலத்தில் பக்கத்தில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். பெண்ணுக்குக் காலூன்ற நிலம் தரும் வழக்கம் என்று நாம் பெருமையோடு சொல்வதும் சரிதான். ஆனால் அதே வழக்கத்தில் கலியாணம் செய்யாத பிள்ளைக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. மகனுக்கு வீடு என்பது மனைவியோடு வருவது. மனைவி வராவிட்டால் அவன் கடைசிவரை தங்கச்சி வீட்டு விறாந்தையில்தான். மகளுக்கு வீடு கட்டுவது மாப்பிள்ளையை எதிர்பார்த்து. அவள் "வேணாம்" என்றால் அரைகுறையாய் நிற்கும் சுவரே அவள்மேல் குற்றம் சொல்லும். ஆகவே இந்தப் பிள்ளைகள் தங்கள் மனதைத் திறந்தால் பெற்றோரின் கோபத்தை மட்டும் சம்பாதிப்பதில்லை, வீடு கிடைப்பதற்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே வழியையும் இழக்கிறார்கள்.

அரசின் வீடமைப்பும் இதே கணக்கில்தான் நடக்கிறது. வீட்டுத்திட்டப் பட்டியல் எது வந்தாலும் குடும்பம் என்பதே அலகு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் கட்டிக்கொடுத்த வீடுகளில் பல, 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரில் பதியப்பட்டன. தாய்வழியாக வந்த வீட்டையும் வளவையும் கடலில் விட்ட பெண்கள் பலர் புது வீட்டில் உரித்தில்லாமல் நின்றார்கள். பெண்களுக்கே அப்படியென்றால், தனியாக நிற்கும் 19 வயதுப் பையன் எந்தப் பட்டியலில் வருவான்?

இந்த இடத்தில் உங்கள் மாணவிகளுக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாய்மார் சிலர் மகள் சிறு பிள்ளையாக இருக்கும்போதே தங்கள் சீவிய உரித்தை (உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு மகளுக்கு நன்கொடை உறுதி (காணிப் பத்திரம்) எழுதிவிடுவார்கள். பல பெண்பிள்ளைகளுக்குத் தன் பெயரில் உறுதி இருப்பதே தெரியாது. காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி எழுதப்பட்டிருந்தால், கலியாணம் வேண்டாம் என்று சொன்னதற்காக அந்த உரித்து தானாக இல்லாமற் போகாது. ஆண்பிள்ளைகளுக்கும் ஒன்று: முக்குவர் சட்டம் என்ற மட்டக்களப்பின் பழைய வழக்கச் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு போய்விட்டது. தேசவழமை என்ற வழக்கச் சட்டம் யாழ்ப்பாணத்தாருக்கு உரியது. ஆகவே நம் பக்கத்துத் தமிழருக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். அதன்படி மரண சாசனம் இல்லாமல் பெற்றோர் விட்டுப்போகும் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுரிமைச் சட்டம் வேறு. இதெல்லாம் இன்று இரவு படுக்க இடம் தராது. ஆனால் "உனக்கு இங்க ஒண்டுமில்ல, போ" என்று கேட்டுக் கேட்டு அதை உண்மையென்றே நம்பிவிட்ட பிள்ளை, சட்டம் வேறு சொல்கிறது என்று அறிந்தால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும்.

இனி தம்பியின் விடயம். அவனும் நீங்களும் முதலில் பயப்படுவது பொலிசுக்குத்தான். தன்பாலுறவைத் தண்டிக்கப் பயன்படும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த சட்டத்தின் மிச்சம். 1995இல் 365ஏ திருத்தப்பட்டபோது அது நீங்கவில்லை, பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. 2016இல் ஒரு மேன்முறையீட்டில், வயதுவந்த இருவர் இணங்கி நடந்துகொண்டதற்குச் சிறைத்தண்டனை பொருத்தமில்லை என்ற நிலைப்பாட்டை உயர் நீதிமன்றம் எடுத்தது. 2023இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் டொலவத்த இந்தப் பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று அதே ஆண்டு மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024இல் பாராளுமன்றம் கலைந்தபோது சட்டமூலமும் நின்றுபோனது. நீங்கள் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: அந்தப் பிரிவுகள் பேசுவது செயலைப் பற்றி. ஒருவன் யாரை விரும்புகிறான் என்பது குற்றம் அல்ல. அவனுக்குத் தங்க இடம் கொடுப்பதும் குற்றம் அல்ல.

தெருவில் படுப்பதுதான் அதைவிட ஆபத்து. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பஸ் நிலையத்திலோ புகையிரத நிலையத்திலோ இரவில் தனியாக இருப்பவரைப் பிடித்துப்போக அதைத்தான் எடுப்பார்கள். திருநங்கைப் பிள்ளைகள் இதில் அதிகம் அகப்படுகிறார்கள். அதனால் கூட்டாளியின் அறையை விட வேண்டி வந்தால், அடுத்த இடம் உறுதியான பிறகுதான் அவன் கிளம்ப வேண்டும். டேட்டிங் செயலியில் பழகியவர் "வா, என்ர ரூம்ல இரு" என்று கூப்பிட்டால் போகக் கூடாது. வீடில்லாத பிள்ளை என்று தெரிந்தால் படுக்கைக்கு விலை பேசுகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். படத்தை வைத்துப் பணம் கேட்டு மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மிரட்டிப் பணம் பறிப்பது தண்டனைக்குரிய குற்றம். ஒரு முறை கொடுத்தால் நிற்காது. செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு சட்டத்தரணியோடு போய் முறையிடலாம்.

வீட்டார் "மகனைக் காணவில்லை" என்று பொலிசில் எழுதி வைப்பதும் நடக்கும். துரத்தியவர்களே சில நாளில் தேடுவார்கள். அதில் பாசமும் இருக்கும், ஊர் வாய்க்குப் பயமும் இருக்கும். 18 வயது ஆனவன் எங்கே இருப்பது என்பதை அவனே தீர்மானிக்கலாம். முறைப்பாடு வரும் வரை காத்திராமல், சட்டத்தரணியோடு பொலிஸ் நிலையம் போய், "என் சொந்த விருப்பத்தில் வெளியே இருக்கிறேன், பாதுகாப்பாக இருக்கிறேன்" என்று வாக்குமூலம் பதிந்துவிடுவது நல்லது. ஏன் வெளியேறினாய் என்று கேட்டால் "வீட்டில் அடித்தார்கள்" என்பது போதும். அது உண்மை. அதற்குமேல் எதையும் அவன் வெளிப்படுத்தத் தேவையில்லை. கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பொலிசில் அவமானப்படுத்தினாலோ அடித்தாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். அதற்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. 1996 என்ற இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிமாருக்கு மட்டும் என்று நினைத்திருப்பவர்கள் ஏராளம். அதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. தகப்பனோ அண்ணனோ அடித்தால் மகனும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை கிடைக்கும். விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரை நீடிக்கக்கூடிய கட்டளை கிடைக்கும். தற்காலிகத் தங்குமிடம் கேட்டால் அதையும் நீதிமன்றம் கட்டளையில் சேர்க்கலாம். இதில் என் கருத்தையும் சொல்ல வேண்டும். வீட்டோடு இன்னும் பேச்சு இருக்கிறது, தாய் களவாகச் சாப்பாடு அனுப்புகிறாள் என்றால் உடனே வழக்குக்குப் போகாதீர்கள். தேடி வந்து அடிக்கிறார்கள், வேலை செய்யும் இடத்துக்கு வந்து கத்துகிறார்கள் என்றால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அடிபட்ட காயம் இருந்தால் முதலில் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். அரச வைத்தியசாலைகளில் வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களைக் கவனிக்க 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இருக்கிறது. அங்கே எழுதப்படும் குறிப்பு பின்னால் சாட்சியாகவும் உதவும்.

மாணவியின் விடயம் முற்றிலும் வேறு. 17 வயதுப் பிள்ளையை உங்கள் வீட்டில் ஒளித்து வைக்காதீர்கள். உங்கள் மனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பெற்றோர் கடத்தல் என்று முறையிட்டால் நீங்கள் பொலிசில் பதில் சொல்ல வேண்டி வரலாம். அவள் பொலிஸ் காவலோடு அதே வீட்டுக்குத் திரும்புவாள், முன்னையைவிட இறுக்கமாகப் பூட்டப்படுவாள். அவளை முறைப்படி காப்பாற்ற வேண்டும். 1929 சிறுவர் உதவி இலக்கம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையுடையது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், கிழக்கு மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தரும் இருப்பார். அவர்களிடம் சொல்ல வேண்டியது "படிக்கிற பிள்ளைக்கு விருப்பமில்லாமல் கலியாணம் பேசுகிறார்கள், அடிக்கிறார்கள்" என்பதுதான். அவள் யாரை விரும்புகிறாள் என்பதை நீங்கள் சொல்லிவிடக் கூடாது. அது அவளுடைய இரகசியம். உத்தியோகத்தர் நல்லவராக இருந்தாலும் அந்தக் கதை கோப்பில் ஏறினால் ஊருக்குள் இறங்க அதிக நேரம் எடுக்காது.

பொதுச் சட்டப்படி திருமண வயது 1995 முதல் 18. அந்தப் பிள்ளை முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவள் என்றால் அவசரம் இன்னும் கூடுதல். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயது எதையும் வைக்கவில்லை. பதிவில் மணமகளின் கையொப்பத்தையும் கேட்கவில்லை, 'வலி' எனப்படும் அவளுடைய ஆண் பாதுகாவலரின் சம்மதம் போதும். இதை மாற்ற வேண்டும் என்று நம் கரையோரத்து முஸ்லிம் பெண்களே பல காலமாகப் போராடுகிறார்கள். ஆகவே நாள் குறிக்கும் முன்னரே தகவல் போக வேண்டும். 1938 பெண்கள் உதவி இலக்கத்திலும் சொல்லி வைக்கலாம்.

பிள்ளையை வீட்டிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் சிறுவர் இல்லம்தான் ஒரே முடிவு என்று நினைக்காதீர்கள். சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பிள்ளையை உறவினர் ஒருவரிடமோ தகுதியான வேறொருவரிடமோ ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. யார் அந்த உறவினர் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள். பெத்தாவா, மூத்தம்மாவா, வேறு ஊரில் இருக்கும் சாச்சியா? நம் பக்கத்துத் தாய்வழிக் குடும்பத்தில் இதற்கு ஆள் கிடைக்கும். இல்லம் நன்றாக இருந்தாலும் அங்கே நாற்பது பேருக்கு நடுவில் இப்படியொரு பிள்ளைக்கு ஏளனம் வரும். பெத்தா திட்டிக்கொண்டாவது சோறு போடுவாள்.

மாமன்மாரையும் மறக்க வேண்டாம். கிழக்கில் தாயின் கூடப்பிறந்த மாமனுக்கு வீட்டில் ஒரு சொல் இருக்கிறது. தகப்பனிடம் எடுபடாத வார்த்தை மாமன் வழியாகப் போனால் எடுபடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்படிப் பேச உட்காரும்போது "பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று தொடங்காதீர்கள். முதல் நாளில் அவர்களால் அது முடியாது. சின்னதாகக் கேளுங்கள்: அடிக்க வேண்டாம். கலியாணப் பேச்சை ஒரு வருடம் நிறுத்துங்கள். பத்திரங்களைக் கொடுங்கள். வருத்தம் வந்தால் பிள்ளை வீட்டுக்கு வரலாம் என்று சொல்லுங்கள். தாய்மார் கடைசியாகச் சொன்னதற்குத்தான் முதலில் இணங்குவார்கள். அமெரிக்காவில் 2009இல் வெளியான ஆய்வொன்று, குடும்பத்தால் கடுமையாக ஒதுக்கப்பட்ட இளையோர், அவ்வளவாக ஒதுக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றதாகக் காட்டியது. வேறு நாட்டுக் கணக்குத்தான். ஆனாலும் பெற்றோரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எந்தத் தாயும் பிள்ளை சாக வேண்டும் என்று துரத்துவதில்லை.

இங்கே கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டுவது, பேய் ஓட்டுவது, பரிசாரியிடமோ மந்திரவாதியிடமோ விடுவது எல்லாம் நடக்கும். வேண்டுதல் வைப்பது வேறு. பிள்ளையைக் கட்டிவைத்து அடிப்பதும் பட்டினி போடுவதும் சித்திரவதை. தன்பாலீர்ப்பு நோய் அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. திருநர்களின் நிலையையும் புதிய பட்டியலில் மனநோய்ப் பகுதியிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. பெற்றோர் வைத்தியரிடம் கேட்க விரும்பினால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மகனை மாற்றுவதற்காக அல்ல, அவர்கள் தங்கள் பயத்தைப் பேசுவதற்காக. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் 1926 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் எடுக்கலாம்.

பத்திரங்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீடில்லாத பிள்ளை வேலையையும் அறையையும் இழப்பது பெரும்பாலும் இதனால்தான். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகள், வங்கிப் புத்தகம், தொடர்ந்து எடுக்கும் மருந்து. தம்பியின் இவையெல்லாம் வீட்டு அலுமாரியில் கிடக்கும். யாரையாவது அனுப்பி எடுப்பது நல்லது. தரமாட்டோம் என்றால் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம், பெற்றோர் கையொப்பம் தேவையில்லை. அடையாள அட்டை தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டோடு கிராம சேவகர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பல பிள்ளைகள் முட்டி நிற்பது கிராம சேவகரிடம். அவர் தகப்பனின் கூட்டாளியாக இருப்பார், அல்லது அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனாக இருப்பார். அப்போது நீங்கள் பிரதேச செயலகத்துக்கே போய் நிர்வாக கிராம உத்தியோகத்தரிடம் பேசலாம். ஓர் ஆசிரியை கூட வந்து நின்றால் வேலை நடக்கும் விதமே வேறாக இருக்கும்.

திருநங்கை, திருநம்பிப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டையே பெரிய வேலி. அட்டை இலக்கத்திலேயே பால் எழுதப்பட்டிருக்கிறது: பிறந்த நாளைக் குறிக்கும் எண்ணோடு பெண்களுக்கு 500 கூட்டப்படும். அறை வாடகைக்குக் கேட்கும்போது வீட்டுக்காரர் பிரதி எடுத்துப் பார்த்தால் பெயரையும் படத்தையும் தாண்டி அந்த இலக்கமே சொல்லிவிடும். 2016இல் சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகம் திணைக்களமும் சுற்றறிக்கை வெளியிட்டு, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் என்ற வழியைத் திறந்தன. உளநல வைத்திய நிபுணர் பிள்ளையைப் பார்த்து அந்தச் சான்றிதழை வழங்குவார். அதைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தலாம், பிறகு அடையாள அட்டையையும் புதிதாக எடுக்கலாம். இதற்குக் காலம் பிடிக்கும், ஒரு நாளில் முடியும் காரியம் அல்ல. ஆனால் இந்தத் தடை நீங்காமல் திருநங்கைக்குப் பெண்கள் இல்லத்தில் இடம் கிடைப்பதும் கடினம், திருநம்பிக்கு ஆண்களின் போர்டிங்கில் இருப்பதும் கடினம்.

வேலைக்கு வருவோம். பாசிக்குடாவிலும் அறுகம் குடாவிலும் ஹோட்டல் வேலை சாப்பாட்டோடும் படுக்கையோடும் கிடைக்கும். துரத்தப்பட்ட பையன்கள் பலருக்கு அதுவே முதல் கூரை. ஆனால் கிழக்குக் கரையின் சீசன் ஆண்டின் நடுப்பகுதிதான். ஒக்டோபர் தாண்டி மாரி தொடங்கினால் ஆளைக் குறைப்பார்கள், வேலையோடு படுக்கையும் போய்விடும். அதனால் சீசன் சம்பளத்தில் ஒரு பகுதியை அறை முற்பணத்துக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். தம்பி படித்தவன் என்றால் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ அரசின் இன்னொரு பயிற்சி நிறுவனமான நைட்டாவிலோ ஒரு பயிற்சிக்குச் சேர்வது இன்னும் நல்லது. கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் எந்த ஊரிலும் வாழலாம். உதயதேவி புகையிரதத்தில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடலாம் என்று எல்லாப் பிள்ளைகளும் நினைப்பார்கள். போகிறவனைத் தடுக்க வேண்டாம். ஆனால் தெரிந்த ஒருவரின் முகவரி இல்லாமல் போகக் கூடாது. கொழும்பில் 2004 முதல் இயங்கும் ஈக்குவல் கிரவுண்ட் போன்ற அமைப்புகள் ஆலோசனை தருகின்றன. போவதற்கு முன்பே அவர்களோடு பேசிவிட்டுப் போகட்டும். பெண்பிள்ளைகளுக்கு இங்கேயே மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. 1990களின் தொடக்கம் முதல் வன்முறைக்கு ஆளான பெண்களோடு நின்றவர்கள். 1987இல் தொடங்கிய விமன் இன் நீட் என்ற பெண்கள் அமைப்பு சட்ட உதவியும் தற்காலிகத் தங்குமிடமும் தருகிறது.

இனி, இல்லம் தொடங்கலாமா என்ற கேள்வி. உங்கள் மனதை மதிக்கிறேன். வெளிநாடுகளில் இது எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டரில் 1989இல் ஆல்பர்ட் கென்னடி என்ற 16 வயதுப் பையன், இல்லங்களிலும் வெளியிலும் துன்பப்பட்டு, கட்டடமொன்றின் மேலிருந்து விழுந்து இறந்தான். வளர்ப்புத் தாயாக இருந்த கேத் ஹால் என்பவர் அவன் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் கட்டடம் கட்டி ஆரம்பிக்கவில்லை. தங்கள் வீட்டில் ஓர் அறை கொடுக்கத் தயாரானவர்களைத் தேடிப் பிள்ளைகளை அங்கே வைத்தார்கள். நியூயோர்க்கில் 2002இல் ஆலி ஃபோர்னி நிலையம் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் ஆறு கட்டிலோடு தொடங்கியது. இந்தியாவில் 2020இல் மத்திய அரசு 'கரிமா கிரஹ்' என்ற பெயரில் திருநர்களுக்கான இல்லங்களைத் தொடங்கியது. ஓர் இல்லத்தில் 25 பேர் தங்கலாம். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில், மதுரையிலிருந்து வீட்டைவிட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தங்குமிடங்கள் இவர்களையும் ஏற்க வேண்டும் என்றும், இணங்கி வாழும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால் 'காணவில்லை' முறைப்பாட்டைப் பொலிஸ் முடித்துவிட வேண்டும் என்றும் கட்டளையிட்டார். அது இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் சட்டத்தரணி அதை வாசித்திருப்பது நல்லது.

இவற்றில் நம் ஊருக்குப் பொருந்துவது மான்செஸ்டர் வழி என்று உறுதியாக நம்புகிறேன். மட்டக்களப்பு சின்ன ஊர். எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்பது பின்னேரத்துக்குள் தெரிந்துவிடும். இந்தப் பிள்ளைகளுக்கான இல்லம் என்று ஒன்று இருந்தால், அதன் வாசலில் கால் வைத்ததுமே பிள்ளையின் இரகசியம் வெளியே போய்விடும். கோபத்தோடு வரும் அண்ணன்மாருக்கும் எங்கே போவது என்று தெரிந்துவிடும். அதே பிள்ளை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் ஓர் அறையில் இருந்து பயிற்சிக்குப் போய் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் தங்காத தெருவா?

ஆகவே நான்கைந்து வீடுகளைத் தேடுங்கள். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டு வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று வரை நிறைய உண்டு. வீட்டுக்காரருக்குப் பிள்ளையின் நிலை தெரிந்திருக்க வேண்டும். மறைத்து வைத்தால் தெரியவரும் நாளில் பிள்ளை இரண்டாம் முறை துரத்தப்படும், அந்த அடியிலிருந்து எழும்புவது கடினம். 18 வயது ஆனவர்களை மட்டும் வையுங்கள். 18க்குக் கீழ்ப்பட்டவர்களைத் தங்கவைக்கும் இல்லம் மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும், அதற்கு இப்போது போகாதீர்கள். எவ்வளவு காலம் இருக்கலாம், சாப்பாட்டுக்கு எவ்வளவு கொடுப்பது, இரவு எத்தனை மணிக்கு வருவது என்பதையெல்லாம் முதல் நாளே எழுதி இருவரும் கையொப்பமிடட்டும். வீட்டுக்காரருக்கும் பிள்ளைக்கும் சேராவிட்டால் கூப்பிட ஒரு மூன்றாம் ஆள் வேண்டும். அது நீங்களாக இருக்கலாம். பிள்ளை தனியாக இருக்கும்போது யாரும் அறைக்குள் போகக் கூடாது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். அடைக்கலம் கொடுக்கிறவர் எல்லாரும் நல்ல நோக்கத்தில் வருவதில்லை, அதனால் வீட்டைத் தேர்வதில் அவசரப்பட வேண்டாம்.

பணம் சேர்ந்தால் முதலில் அதை அறை முற்பணத்துக்கான கைமாற்று நிதியாக வைத்திருங்கள். வேலை கிடைத்த பிள்ளை அறைக்கு மாறும்போது கொடுத்து, மாதமாதம் கொஞ்சமாகத் திரும்பப் பெற்று, அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். வெளியிலிருந்து நிதி கேட்கும் நிலைக்கு வந்தால் அப்போது பதிவு செய்யுங்கள்: 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொண்டர் அமைப்பாகப் பதியலாம், அல்லது 2007 கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம். நோக்கம் என்ற இடத்தில் "வீட்டு வன்முறையால் வெளியேறிய இளையோருக்குத் தங்குமிட உதவி" என்று எழுதினால் அதில் பொய்யும் இல்லை, பிள்ளைகளுக்கு ஆபத்தும் இல்லை.

இந்தக் கிழமைக்குள் செய்ய வேண்டியது: மாணவியின் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து, கலியாணப் பேச்சை எழுத்தில் அறிவித்து, பெற்றுக்கொண்டதாக ஒரு பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போய் வாக்குமூலம் பதிவது பற்றிக் கேளுங்கள். கல்லடி அறைக்காரரிடம் மாத முடிவு வரை தவணை கேட்டு, அதற்குள் ஒரு வீட்டைப் பேசி வையுங்கள். அவனுடைய அடையாள அட்டையையும் பெறுபேற்றுத் தாளையும் எடுக்க மாமனை அனுப்பும்போது, தாய் மட்டும் வீட்டில் இருக்கும் காலை நேரம் பார்த்து அனுப்புங்கள்.